சாவு வீட்டில் கேட்கும் ‘ஏன்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் 31 வருடம் தாதியாக வேலை பார்த்தேன். பாதிக்கு மேல் இரவு ஷிப்ட். ஓய்வு பெற்ற பிறகு, துக்கம் நடந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்திருப்பதே ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. கருமாதிப் பந்தலில், சமையல்கட்டு ஓரத்தில், கார் வரை வந்து வழியனுப்பும்போது என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள்.

நீங்கள் சாமி கும்பிடாதவரா அக்கா?

கும்பிடுவேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறாத வருடங்கள் இரண்டோ மூன்றோதான், அதுவும் முட்டிவலியால். ஆனால் கும்பிடுவது வேறு, ஒருத்தர் பிள்ளை செத்ததற்குச் சாமி சார்பில் காரணம் சொல்வது வேறு. அந்த வேலைக்கு நம்மை யாரும் வைக்கவில்லை.

அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. இதில் உங்களுக்கு என்ன வந்தது?

என் தம்பி 24 வயதில் போனான். செபராங் பிறைப் பக்கம், இரவு வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது, சாலையோரம் நிறுத்தியிருந்த லோரியின் பின்னால் மோதினான். லோரிக்குப் பின்விளக்கு எரியவில்லை. எச்சரிக்கை முக்கோணம் வைக்கவில்லை. அந்த இடத்துத் தெருவிளக்கு இரண்டு மாதமாகவே எரியவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு அத்தை அம்மாவிடம் கேட்டார்: “புது மோட்டாராச்சே, எலுமிச்சம்பழம் வச்சீங்களா?”

வைத்தோம். பழம் வாங்கி வந்ததே நான்தான். அம்மா சூடம் காட்டி, முன் டயருக்கு ஒன்று, பின் டயருக்கு ஒன்று வைத்தார். தம்பி ஏற்றினான். முன் பழம் நன்றாக நசுங்கியது. பின் பழம் வழுக்கிக்கொண்டு போய் லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். தம்பிதான் அதிகம் சிரித்தான். அம்மா இதைச் சொல்லி முடிப்பதற்குள் அத்தை தலையை ஆட்டி, “அதான்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழச் சாதம் கிடையாது. அம்மா 18 வருடம் அந்த ‘அதானை’ச் சுமந்தார்.

அந்தப் பதில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பழம் வைக்காமல் இருந்திருந்தால், வைக்காதது காரணம். வைத்தால், நசுங்காதது காரணம். இரண்டும் நசுங்கியிருந்தால் ஏழரைச் சனி. சனி இல்லாத ஜாதகம் என்றால் யாரோ கண்ணு வைத்தது. பதில் கைவசம் எப்போதும் உண்டு. ஆனால் எந்தப் பதிலிலும் லோரி வருவதில்லை. அது யாருடைய லோரி, விளக்கில்லாமல் ஏன் அங்கே நின்றது, தெருவிளக்கை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் சொந்தத்தில் ஒருவரும் கேட்கவில்லை. போலீஸ் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தவள் நான் ஒருத்திதான். அதுவும் எட்டு மாதம் கழித்து.

அதிலிருந்து யார் எந்தக் காரணம் சொன்னாலும் என் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடும்: இந்தப் பதிலால் யார் தப்பிக்கிறார்கள், யார் மாட்டிக்கொள்கிறார்கள்?

பூர்வ ஜென்ம வினை நம் சமயத்தின் அடிப்படை. அதையே தப்பு என்கிறீர்களா?

வினை உண்டா இல்லையா என்று என்னால் நிரூபிக்க முடியாது. உங்களாலும் முடியாது. ‘நான் செய்வது எனக்குத் திரும்பும்’ என்று பயந்து ஒருவர் ஒழுங்காக நடந்தால் நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அடுத்தவர் கட்டிலைக் காட்டி அதே சொல்லைச் சொல்லும்போதுதான் சண்டை.

பிள்ளைகள் வார்டில் ரத்தப் புற்றுநோயோடு நாலு வயதுக் குழந்தை படுத்திருக்கும். பார்க்க வந்தவர் ஹார்லிக்ஸ் டின்னை மேசையில் வைத்துவிட்டு, “போன ஜென்மத்துல என்ன செஞ்சுச்சோ” என்பார். பெற்றவள் காதில் விழும்படி. எந்தக் கோர்ட்டிலாவது குற்றம் இன்னது என்று சொல்லாமல் தண்டனை கொடுப்பார்களா? அதுவும் குற்றம் செய்ததே நினைவில்லாத ஆளுக்கு?

திருக்குறளில் 37-ஆம் குறளைப் பாருங்கள். “அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை.” பல்லக்கில் போகிறவனையும் அதைத் தூக்குகிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரியும், வேறு சாட்சி தேவையில்லை என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. அப்படி இல்லை, அந்த இரண்டு பேரையும் காட்டி ‘இதுதான் அறத்தின் வழி’ என்று சொல்லாதே என்பதே பொருள் என்று பிற்காலத்தில் வேறு சிலர் உரை சொன்னார்கள். நான் இரண்டாவது கட்சி. இலக்கணப்படி யார் சரி என்று தமிழாசிரியர்கள் அடித்துக்கொள்ளட்டும். எங்கள் தாத்தா பல்லக்குத் தூக்கின பக்கத்து ஆள், அதனால் எனக்குச் சாய்வு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தாத்தா கெடாவில் ரப்பர் மரம் சீவினவர். அவருடைய அண்ணன் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, போய்த் திரும்பவில்லை. 1942-43-இல் ஜப்பான்காரன் சயாமில் இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். மலாயாத் தோட்டங்களில் இருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காலரா, மலேரியா, பசி, அடி. எத்தனை பேர் செத்தார்கள் என்று முழுக் கணக்குகூடக் கிடையாது. சரி, வினைக் கணக்கைப் போடுங்கள். ஒரே லயத்தில் குடியிருந்து ஒரே நாளில் ஏற்றிவிடப்பட்ட அத்தனை பேருக்கும் ஒரே பூர்வ ஜென்மப் பாக்கியா? துப்பாக்கி பிடித்தவன் என்ன புண்ணியம் செய்திருந்தான்?

அமெரிக்காவில் மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1960-களில் ஒரு சோதனை செய்தார். ஒரு பெண்ணுக்கு மின்சார ஷாக் கொடுப்பது போல நடிக்கவைத்து, மற்றவர்களைப் பார்க்கச் சொன்னார். தடுக்கவும் முடியாது, இது இன்னும் தொடரும் என்று நினைத்தவர்கள், போகப்போக அந்தப் பெண்ணையே மட்டமாக மதிக்க ஆரம்பித்தார்கள். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்ற நினைப்பைக் காப்பாற்றிக்கொள்ள, அடிபடுகிறவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். ஹார்லிக்ஸ் டின்னோடு வந்தவரும் கெட்டவர் இல்லை. தன் வீட்டுப் பிள்ளைக்கு இது வராது என்று அவர் நம்பியாக வேண்டும். அந்தக் குழந்தை ஏதோ செய்திருந்தால்தான் அது முடியும்.

2004 சுனாமி பாவம் பெருகியதால் வந்தது என்று அப்போது எல்லா மதத்திலும் பேசினார்களே?

பேசினார்கள். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, கிறிஸ்மஸுக்கு மறுநாள். இதில் எது பிடிக்குமோ அதை வைத்து ஆளுக்கொரு காரணம் கட்டினார்கள். உல்லாசக் கடற்கரை என்பதால் அடித்தது என்றார் என்னோடு வேலை பார்த்த ஒருவர்.

மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், அதில் 52 பேர் பினாங்கில். பத்து பெரிங்கி, டெலுக் பஹாங், பாலிக் புலாவ் பக்கம் பாசிர் பாஞ்சாங். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு குளிக்கப் போன குடும்பங்களும் மீனவர்களும்தான் அதிகம். இந்தோனேசியாவின் அச்சேயில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. தொழுகையில் கருத்தாக இருக்கும் ஊர் என்று பெயரெடுத்த அச்சேக்கு அது என்ன பாவம்? வேளாங்கண்ணியில் மாதா கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்பதை அற்புதம் என்றார்கள். கோயிலுக்கு வந்து கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் போனதை அடுத்த வரியில் சொல்ல மாட்டார்கள். மாதாவைப் பார்க்க வந்த பிள்ளைகள் அவர்கள்.

நடந்தது இதுதான். சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றுக்குக் கீழே நழுவியது. 9.1 அளவு. நம் நேரப்படி காலை 8.58. சுமத்ராத் தீவு நடுவில் சுவர் மாதிரி நின்றதால் நமக்கு வந்த அலை சிறியது, சுற்றிக்கொண்டு வந்ததால் தாமதமும் ஆனது. பினாங்குக் கரையை அடித்தபோது மதியம் 1 மணிக்கு மேல். நடுவில் நாலு மணி நேரம்! பசிபிக்கில் 1949-இலேயே எச்சரிக்கை மையம் உண்டு. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஒன்று இல்லை. நாலு மணி நேரம் இருந்தும் பாசிர் பாஞ்சாங்கில் குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு யாரும் ‘கரை ஏறுங்கள்’ என்று சொல்லவில்லை. இப்போது கடற்கரையில் சைரன் கம்பம் நிற்கிறது என்றால், அலையைப் பாவத்தின் சம்பளம் என்று விட்டுவிடாமல் யாரோ இந்த நாலு மணி நேரத்தைப் பற்றிக் கேட்டதால்தான்.

கோயில் குளம் என்று போகிறவர்களுக்குக் கெட்டது நடக்காது என்று பெரியவர்கள் சொல்வது?

31 ஜூலை 1988, ஞாயிற்றுக்கிழமை. பட்டர்வொர்த் ஃபெரி துறையின் மேல்தளம் கூட்டத்தோடு இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள், 1,634 பேருக்குக் காயம். அன்று ஏன் அவ்வளவு கூட்டம்? புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா. அதே நாளில் சீனர்களின் குவான் யின் ஊர்வலம். குவான் யின் என்றால் கருணைத் தெய்வம். கும்பிடப் போனவர்களும் கும்பிட்டுத் திரும்பியவர்களும்தான் அந்தத் தளத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். வீட்டில் படுத்து டிவி பார்த்தவனுக்கு ஒரு கீறலும் இல்லை.

நான் அப்போது பயிற்சித் தாதி. பெயர் எழுதிவைக்க ஒரு பாட்டியின் கைப்பையைத் திறந்தபோது, அடையாள அட்டைக்கு மேலே கொளுத்தாத ஊதுபத்திக் கட்டு ஒன்று இருந்தது. சிவப்புத் தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

பிழைத்தவர் ‘சாமி காப்பாத்திட்டார்’ என்று சொல்லக் கூடாதா?

தாராளமாகச் சொல்லட்டும். பக்கத்துக் கட்டிலில் பிழைக்காதவரின் குடும்பம் இருந்தால், கொஞ்சம் மெதுவாக.

கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் குழந்தைக்கு உதடு பிளந்தது என்று மாமியார் சொல்கிறார். அப்படி இருக்குமா?

இருக்காது. குழந்தையின் உதடு கருவின் 4-ஆம் வாரத்துக்கும் 7-ஆம் வாரத்துக்கும் இடையில் ஒட்டி உருவாகிறது. மேலண்ணம் 9-ஆம் வாரத்துக்குள். அந்தச் சமயத்தில் பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே தெரியாது. பிளவு வருவதில் மரபணுவுக்குப் பங்குண்டு. தாயின் சர்க்கரை நோய், புகை, வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் போன்றவையும் வாய்ப்பைக் கூட்டும். பல நேரம் இன்னது என்று ஒன்றைச் சுட்ட முடியாது. சந்திரன் சூரியனை மறைத்தது இதில் எங்கேயும் இல்லை.

2019 டிசம்பர் 26 கிரகணம் ஞாபகம் இருக்கிறதா? பினாங்கிலும் வெளிச்சம் மங்கியது. அன்று ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் பசாருக்குப் போய் வந்தாள் என்பதற்காக அவளை வீட்டில் பாடாய்ப் படுத்தினார்கள். ஏழு மாதத்தில் உதடு எப்போதோ உருவாகி முடிந்துவிட்டது, ஆச்சி, என்று அவள் பாட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். “ஒனக்கென்ன தெரியும்” என்றார். மூன்று பிரசவ வார்டு பார்த்தவள் நான். குழந்தை நன்றாகத்தான் பிறந்தது. அதற்கும் அந்தப் பாட்டி இடுப்பில் கட்டிவிட்ட தர்ப்பைதான் காரணமாம்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். உதட்டை முதல் சில மாதங்களிலேயே தைத்துவிடலாம். அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்குங்கள், பால் கொடுக்கும் முறையைத் தாதியிடம் கேளுங்கள்.

அம்மை ஆத்தாளின் கோபம்தானே? அதையும் இல்லை என்பீர்களா?

பெரியம்மை ஒரு வைரஸ். இயற்கையாக அது கடைசியாக வந்தது 1977-இல், சோமாலியாவில். 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசி செய்த வேலை. பார்த்தீர்களா, நோய் போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலில் கூட்டம் குறைந்தா விட்டது? கோபக்காரி என்ற வேலையை எடுத்துவிட்டாலும் அவளுக்கு அங்கே இடம் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும்.

சின்னம்மை இன்னும் வருகிறது. வேப்பிலை கட்டுங்கள், தனியாகப் படுக்கவையுங்கள். ஆனால் கர்ப்பிணி, கைக்குழந்தை, மூச்சு வாங்கும் பெரியவர் என்றால் கிளினிக்குக்குப் போக வேண்டும். ‘ஆத்தா வந்திருக்கா, ஊசி போடக் கூடாது’ என்று மூன்று நாள் தாமதித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர்களும் தப்பாகத்தானே காரணம் சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள். 1998-99-இல் பேராவிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணை ஆட்கள் மூளைக் காய்ச்சலில் விழுந்தபோது, கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், அதற்கான ஊசியைப் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்து வந்த மாதிரியில் புது வைரஸ் என்று தெரிந்தது. அதுதான் நிப்பா. பழந்தின்னி வௌவாலில் இருந்து பன்றிக்கு, பன்றியில் இருந்து மனிதனுக்கு. 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பன்றிகளை லட்சக்கணக்கில் அழித்த பிறகுதான் நின்றது. தப்பான காரணத்தின் விலை அது. ஆனால் ஊசி போட்டவனுக்கும் நோய் வருகிறதே, குழந்தைகளைவிடப் பண்ணையாட்களுக்குத்தானே அதிகம் வருகிறது என்று யாரோ கணக்குப் பார்த்தார்கள். பழைய பதிலைத் தூக்கிப் போட்டார்கள். எலுமிச்சம்பழ விஷயத்தில் என் அத்தை அப்படிச் செய்யவே முடியாது.

யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று குறி சொன்னார்கள். எடுக்கலாமா?

எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

இந்தப் பதிலில் உள்ள விஷம் காசு மட்டும் இல்லை. குறி சொல்பவர் பெயர் சொல்ல மாட்டார்; “உங்க வீட்டுக்கு வந்து போற ஒரு பொம்பள, மாநிறம்” என்பார். உடனே நாத்தனாரோ பக்கத்து வீட்டு அக்காவோ நினைவுக்கு வருவார். புருஷனின் சிறுநீரகம் கெட்டது கவனிக்காத சர்க்கரையால். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் கூட்டிப் போக ஆள் வேண்டிய நேரத்தில், கூட்டிப் போகக்கூடிய ஒரே நாத்தனாரோடு பேச்சுவார்த்தை நின்றிருக்கும்.

‘அடைப்பு’ நட்சத்திரத்தில் அப்பா இறந்தார். ஆறு மாதம் வீட்டை மூடச் சொல்கிறார்கள். இருப்பதே இரண்டறை ஃப்ளாட்.

மூடிவிட்டு எங்கே போவீர்கள்? அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரம், ஆறு மாதம் என்பது வழக்கு. 27-இல் 5. கிட்டத்தட்ட ஐந்து சாவில் ஒன்று அதில்தான் விழும். சொன்னபடி மூடினால் உங்கள் புளோக்கில் பாதி கதவு பூட்டித்தான் இருக்கும். அம்மா மனசு கேட்கவில்லை என்றால், அப்பா படுத்திருந்த மூலையில் ஒரு விளக்கேற்றி வையுங்கள். அது போதும் என்று சொல்கிற ஐயர்களும் இருக்கிறார்கள், தேடுங்கள்.

‘தாங்குகிறவனுக்குத்தான் கடவுள் சோதனை கொடுப்பார்’ என்று கிறிஸ்தவ, முஸ்லிம் நண்பர்கள் சொல்கிறார்களே. இது ஆறுதல்தானே?

சொல்கிறவருக்கு ஆறுதல். தாங்காமல் மாடியில் இருந்து குதித்தவர்களை நான் துடைத்து வெள்ளை போர்த்தியிருக்கிறேன். அவர்கள் எதில் சேர்த்தி?

அப்படியானால் எதற்கும் அர்த்தமே இல்லையா?

நடந்ததற்குக் காரணம் இருக்கும்: விளக்கில்லாத லோரி, தாங்காத தளம், வராத எச்சரிக்கை. அதைத் தேடலாம், கண்டுபிடிக்கலாம், கேஸ் போடலாம். ‘ஏன் எனக்கு’ என்பதற்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியும் என்று வருகிறவரை நான் நம்புவதில்லை.

இது நவீன காலத்துத் திமிர் என்று ஒரு பெரியவர் என்னைத் திட்டினார். புறநானூற்றில் 194-ஆம் பாட்டு, பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள், ஒருத்தி அழுகிறாள். அதைப் பார்த்துவிட்டு அவர் வினை என்றோ சோதனை என்றோ சொல்லவில்லை. “படைத்தோன் மன்ற அப்பண்பி லாளன்” என்கிறார். இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன்! இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின தமிழன் சாமியையே திட்டியிருக்கிறான், செத்தவன் வீட்டாரைத் திட்டவில்லை.

எங்கள் பாட்டிக்கு ‘எல்லாம் விதி’ என்பதுதான் ஆறுதல். அதைக் கெடுக்கலாமா?

கெடுக்காதீர்கள். தன் துக்கத்துக்குத் தானே சொல்லிக்கொள்ளும் பதிலில் கைவைக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதே பாட்டி, விதவையான பேத்தியைப் பார்த்து “இவ ராசி” என்றால், வாயை மூடச் சொல்லுங்கள். மரியாதையாகவே சொல்லலாம்.

சாவு வீட்டில் என்னதான் பேசுவது?

பேசாமல் இருக்கலாம். மைலோ கலக்கலாம், செருப்புகளை ஓரமாக அடுக்கலாம். செத்தவரைப் பற்றி நீங்கள் மட்டும் அறிந்த ஒரு கதை இருந்தால் சொல்லலாம். என் தம்பி வேலையிடத்துப் பையன் ஒருவன் வந்து, “அவர் எனக்கு நாப்பது வெள்ளி தரணும், அத சொல்ல வரல, அவர் நல்லா பாடுவாரு” என்றான். அன்று எங்கள் அம்மா முகத்தைத் தூக்கிப் பார்த்தது அவனை மட்டும்தான். தம்பி பாடுவான் என்பதே எங்களுக்குத் தெரியாது.

பிறகு, பேப்பர் வேலைகள். இறப்புப் பதிவு, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), இ.பி.எஃப். (சேமநிதி), விபத்தென்றால் காப்புறுதி. இதற்கு மலாய் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் கூடப் போவது, நூறு ஆறுதல் சொல்லுக்குச் சமம். கெடு தாண்டிப்போய் நஷ்டஈடு இழந்த குடும்பங்கள் உண்டு. ‘விதி’ என்று உட்கார்ந்திருந்த மாதங்களில் தாண்டியது.

உங்கள் அம்மா இதையெல்லாம் ஏற்றுக்கொண்டாரா?

நான் அவரிடம் வாதாடவில்லை. தைரியம் வரவில்லை.

இறப்பதற்கு இரண்டு வருடத்துக்கு முன், ஒருநாள் மதியம் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: “அந்த லோரிக்குப் பின்னால லைட்டு இருந்துச்சா?” இல்லம்மா என்றேன். அந்த ரிப்போர்ட் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்து வந்தேன். மலாயில் இருந்ததால் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கத்தியைக் கீழே வைக்கவில்லை, நறுக்கவும் இல்லை. பின்விளக்கு வரி வந்தபோது மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை என்றார்.